நந்தன் வெந்தானா, இல்லையா?

தத்துவ விளக்கம் என்பது நம் ஊரில் ஒரு தொழில். கோவில் திருவிழா, திருமுறை ஓதும் விழா, சமய முகாம், எதுவாக இருந்தாலும் ஒரு பேச்சாளர் வருவார். ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வளைந்து வளைந்து மலையேறி வந்த தலைசுற்றல் தீர ஒரு தேநீர் குடிப்பார். பிறகு மைக்கைப் பிடித்து, "இந்தக் கதையையெல்லாம் அப்படியே எடுத்துக்கக் கூடாது, உள்ளர்த்தம் பாக்கணும்" என்று ஆரம்பிப்பார். சூரபத்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை. வேல் ஞானம். கூட்டம் தலையாட்டும். புராணத்தை நம்புவதா வேண்டாமா என்ற சங்கடம் அந்த நிமிடத்தில் தீர்ந்துவிடும். நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், புரிந்துகொண்டால் போதும்.

நான் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்தேன். மலைச்சரிவுகள் சரிந்து ரோட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது இப்போது என் வேலை. இந்தப் பேச்சுகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், பலவற்றை ரசித்தும் இருக்கிறேன். இருந்தும் இந்தக் கட்டுரை அந்த விளக்கங்களுக்கு எதிரானது. புராணத்தை அப்படியே நம்புகிறவர்களைவிட, அதைத் தத்துவமாக மாற்றிக் கையில் கொடுப்பவர்கள்தான் நமக்கு அதிகக் கெடுதல் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் அப்படியே நம்புகிறவர்களைப் பார்த்துவிடலாம். அது சுலபம். பொறியியலாளர்கள் இருக்கும் எந்தத் தமிழ் வாட்ஸ்அப் குழுவிலும், உலகின் முதல் சிவில் எஞ்சினியர் நளன் என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒரு செய்தி வரும். கூடவே கடலுக்கடியில் ஒரு கோடு தெரியும் செயற்கைக்கோள் படம். 2007இல் சேதுசமுத்திரத் திட்டச் சண்டையின்போது, ராமர் எந்த எஞ்சினியரிங் கல்லூரியில் படித்தார் என்று கலைஞர் கேட்டார். அதே ஆண்டு, ராமாயணப் பாத்திரங்கள் வாழ்ந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. நாடே கொந்தளித்தது. மனு திரும்பப் பெறப்பட்டது, அதிகாரிகள் இருவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அரசுத் தரப்பு வேறு வழியில் வந்தது. பாலத்தை ராமரே உடைத்துவிட்டார் என்று கம்பராமாயணத்தையும் பத்ம புராணத்தையும் காட்டி வாதிட்டது. கவனியுங்கள், பாலத்தைக் காப்பாற்ற வந்தவர்களும் புராணத்தைத்தான் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள், கால்வாய் தோண்ட வந்தவர்களும் அதையேதான் ஏற்றினார்கள். பிள்ளையார் தலை பிளாஸ்டிக் சர்ஜரி என்று இந்தியப் பிரதமர் 2014இல் சொன்னதும், கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று ஒரு துணைவேந்தர் 2019 அறிவியல் மாநாட்டில் சொன்னதும் இதே வரிசைதான். இந்த இதழை வாசிக்கிறவர்களில் யாரும் இதை நம்பப் போவதில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நமக்குப் பிரச்சினை அங்கே இல்லை.

நம் மலைக்கே உரிய ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். போதிதருமர் தியானத்தில் கண்ணயர்ந்துவிட்டார். தன்மேலேயே கோபம் வந்து இரண்டு இமைகளையும் வெட்டி எறிந்தார். அவை விழுந்த மண்ணில் தேயிலைச் செடி முளைத்தது. ஜப்பானியரிடையே வழங்கிய இந்தக் கதையை 1712இலேயே கெம்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார்.

2011இல் 'ஏழாம் அறிவு' வந்தபிறகு எங்கள் பையன்களுக்கு இது பெருமைக் கதையாகிவிட்டது. தேயிலையைக் கண்டுபிடிச்சதே நம்ம ஆளு, காஞ்சிபுரத்து இளவரசர்! வரலாறு இந்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை. கி.மு. 141இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில் தேயிலை கிடைத்ததை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். போதிதருமரோ அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பிந்தியவர். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்பது அடுத்து வந்த குறிப்பு. பல்லவரும் காஞ்சியும் அதற்கும் பிறகு சேர்ந்தவை.

சரி, நேர்ப்பொருள் போயிற்று. உடனே தத்துவம் வந்து உட்காரும். இமை என்பது அறியாமை, அதை அறுத்தால் விழிப்பு, தேநீர் விழிப்பின் சின்னம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையில் ஒரு மனிதன் தன் சதையை அறுத்தான் என்பது எங்கே போனது? கேமரனில் 1929இல் ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதல் இன்றுவரை, இருட்டில் எழுந்து, பனியில் நனைந்து, மற்றவர்கள் விழித்திருக்கக் கொழுந்து எடுத்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டால், அவர்கள் காதில் முதலில் விழுவது அந்த அறுப்புதான். அடுத்தவர் குடிக்கும் தேநீருக்குப் பின்னால் ஒரு உடம்பு இருக்கிறது என்று கதை சொல்கிறது. பெருமைக்காரரும் அதைக் கேட்கவில்லை, தத்துவக்காரரும் அதைக் கேட்கவில்லை. ஒருவர் கதைக்குள் தகவலைத் தேடினார், இன்னொருவர் போதனையைத் தேடினார். தேடியது கிடைத்ததும் கதையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

இது போதிதருமர் கதை என்பதால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நந்தன் கதையில் நஷ்டம் உண்டு.

எங்கள் தோட்டக் கோவிலில் ஒரு வருடம் பெரியபுராணச் சொற்பொழிவு நடந்தது. எனக்குப் பதினைந்து வயது இருக்கும். பேச்சாளர் நல்ல குரல்வளம் உள்ளவர், திருநாளைப்போவார் சரித்திரத்தை உருகி உருகிச் சொன்னார். முடிந்ததும், கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "ஏன் ஐயா, அப்ப அந்த ஆளு வெந்து போனாரா, இல்லையா?" பேச்சாளர் சிரித்தார். "அது நெருப்பு இல்லைம்மா, ஞானத்தீ. உள்ளே இருக்கிற மலம் எரியுது." கூட்டமும் சிரித்தது. பாட்டி உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டவர் எந்தச் சாதி என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கோவில் உபயத்தில் அவர் குடும்பத்துக்கு எந்த இடம், பந்தியில் எந்த வரிசை என்பதும் தெரியும். அவர் கேட்டது விவரம் தெரியாத கேள்வி இல்லை. அந்த மாலையில் புராணத்தை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

கதை வளர்ந்த விதத்தைப் பாருங்கள். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் இவருக்கு இருப்பது ஒரு பெயர் மட்டும். தீ இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. பின்னால் வந்த நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு தருகிறார். அதில் ஆதனூர் வருகிறது, புலை நீங்கியது வருகிறது, தில்லை மூவாயிரவர் கைகூப்பியது வருகிறது. அப்போதும் தீ இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போதுதான் தீ மூட்டப்படுகிறது.

சேக்கிழார் எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார் என்பதும் முக்கியம். நந்தனாரின் தொண்டு என்ன? கோவில் பேரிகைகளுக்குத் தோல், வார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு. பூசைக்குக் கோரோசனை. அதாவது அவர் கொடுத்த தோல் உள்ளே போகும், அவர் போட்டிருந்த தோல் போகாது. திருப்புன்கூரில் அவர் வெளியிலிருந்தே பார்க்க நந்தி விலகுகிறது. நந்தியை நகர்த்திய கடவுள் அவரை உள்ளே கூப்பிடவில்லை. தில்லைக்குப் போனவர் எல்லையைச் சுற்றிச் சுற்றி இரவும் பகலும் வருந்துகிறார். இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறார், அந்தணர்களின் கனவிலும் வந்து தீ அமைக்கச் சொல்கிறார். அவர்களே அவரிடம் வந்து விஷயத்தைச் சொல்லி, தெற்கு வாசலுக்கு வெளியே தீ மூட்டிக் கொடுக்கிறார்கள். உள்ளே மூழ்கியவர் பூணூலும் சடையுமாக முனிவராக எழுகிறார். கோவிலுக்குள் போகிறார். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

இப்போது தத்துவ விளக்கத்தைக் கொண்டு வாருங்கள். தீ ஞானம் என்கிறீர்கள். சரி, பூணூல்? அது மட்டும் ஏன் பூணூலாகவே நிற்கிறது? தெற்கு வாசல் எதன் குறியீடு? தில்லை எல்லை? அந்தணர்கள்? எந்தப் பேச்சாளரும் இவற்றைத் தத்துவமாக்கி நான் கேட்டதில்லை. கோவில் நிஜக் கோவில், தீட்சிதர் நிஜத் தீட்சிதர், புலையர் நிஜப் புலையர். எரிந்தது மட்டும் உருவகம். கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, உருவகமாகப் படிப்பது தமிழ்ச் சைவத்துக்குள்ளேயே இருக்கும் மரபு, நீ யார் அதைக் குறை சொல்ல, என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருமூலரே முப்புரம் எரித்த கதையை அப்படித்தான் படிக்கிறார். சிவன் மூன்று ஊர்களை எரித்தான் என்று சொல்பவர்களை மூடர்கள் என்று நேரடியாகவே திட்டுகிறார். முப்புரம் என்பது மும்மலத்தின் காரியம் என்கிறார். பாவம், இன்றைக்கு எழுதியிருந்தால் அவர்மேல் போலீஸ் ரிப்போர்ட் போட்டிருப்பார்கள்.

ஆனால் திருமூலர் செய்ததும் நம் பேச்சாளர்கள் செய்வதும் ஒன்றா? என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தடுப்புச் சுவரைப் பார்த்தால் முதலில் கேட்பது, சுமை எங்கே இறங்குகிறது? சுவர் சுமையைத் தாங்கி அடித்தளத்துக்கு அனுப்புகிறதா, பக்கத்து வீட்டுக்காரன் தலைக்கு மேல் தள்ளிவிடுகிறதா? விளக்கத்திடமும் இதையே கேட்கலாம். எங்கோ மூன்று அசுரர்களின் ஊர் எரிந்த கதையைக் கேட்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, எரியவேண்டியது உனக்குள் இருக்கிறதுடா என்கிறார் திருமூலர். சுமை கேட்பவன் தலையில் இறங்குகிறது. ஞானத்தீ விளக்கமோ நேர் எதிர். ஒரு மனிதனை வாசலில் நிறுத்தி எரித்துத்தான் உள்ளே விட்டோம் என்று கதை சொல்கிறது, அந்தச் சுமை கூட்டத்தின் தலையில் இறங்க வருகிறது. பேச்சாளர் குறுக்கே வந்து அதைத் தூக்கி நந்தனின் தலையிலேயே வைத்துவிடுகிறார். எரிந்த மலம் நந்தனுடையதாம்! வாசலை அடைத்தவர்களின் மலம் என்ன ஆயிற்று?

உருவகம் கேட்பவனைக் கூண்டில் ஏற்றினால் அது ஞானம். கேட்பவனை விடுதலை செய்தால் அது வக்கீல் வேலை. நான் கேட்டு வளர்ந்த விளக்கங்களில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாதமும் உண்டு. நந்தனைக் கொன்று எரித்துவிட்டுப் பின்னால் கதை கட்டினார்கள் என்பது. பகுத்தறிவுப் பிரச்சாரத்தில் அதிகம் ஒலித்த வாதம் இது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் தீ ஒரு சூழ்ச்சி. நாடகமாக அது பலமான வாசிப்பு. வரலாறாக அதை நிறுவச் சான்று கிடையாது. நந்தன் என்று ஒருவர் எந்த வருடம் பிறந்தார் என்றே யாராலும் சொல்ல முடியாது. நளன் பாலத்துக்குச் சான்று கேட்கும் நான் இதற்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் கொலை நடந்ததா என்று நிரூபிக்காமலே கதையிடமிருந்து ஒன்றை வாங்கிவிட முடியும். சேக்கிழார் நந்தனை வெறுத்து எழுதவில்லை, அவ்வளவு அன்போடு எழுதுகிறார். அறுபத்து மூவரில் ஒருவராகக் கும்பிடவைக்கிறார். அப்படிப்பட்ட ஒரு கவியின் கற்பனையில்கூட, அவருடைய கடவுளின் கருணையில்கூட, ஒரு புலையர் புலையராகவே தில்லைக்குள் நுழைய வழி இல்லை. உருவம் மாறவேண்டும், பூணூல் ஏறவேண்டும், உள்ளே போனதும் மறைந்துவிடவேண்டும். தீ நிஜமா என்பதைவிடப் பெரிய செய்தி இது. 12ஆம் நூற்றாண்டு தன் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம். தத்துவ விளக்கம் செய்வது அந்த வாக்குமூலத்தின் மேல் திருநீறு பூசி எழுத்தை மறைப்பது.

இதே வேலை வேறு கதைகளிலும் நடந்திருக்கிறது. நம் தோட்டங்களில் முனியாண்டிக்கு அடுத்து அதிகம் நிற்பவர் மதுரை வீரன். அவரைச் சக்கிலியர் வீட்டில் வளர்ந்த காவல்காரனாகச் சொல்கிறது கதை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். அதே கதையில், பிறப்பால் அவர் காசி ராஜாவின் மகன் என்று ஒரு முன்கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் இளவரசர்தான். நந்தனுக்குப் பூணூல் எதுவோ அதுதான் வீரனுக்குக் காசி. கும்பிடுவதற்கு முன்னால் சாதியைக் கழற்றிவிட வேண்டியிருக்கிறது. கும்பிடுகிற நம்முடைய சாதி மட்டும் பத்திரமாக இருக்கும்.

"இப்படிப் பாத்தா பக்தியே மிஞ்சாதே தம்பி" என்று எங்கள் கோவில் பெரியவர் ஒருவர் சொன்னார். மிஞ்சும் என்றுதான் நினைக்கிறேன். இலக்கியமும் அரசியலும் இந்தக் கதையை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே அதன் மேற்பரப்பைச் சிலர் நேராகப் பார்த்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையார் வேதியரைக் கதைக்குள் கொண்டு வந்தார். அதனால் நந்தன் பக்தன் மட்டுமல்ல, லீவு கேட்டு நிற்கும் பண்ணையாள் என்பது பாட்டுக் கேட்ட எல்லாருக்கும் தெரிந்தது. தோட்டத்தில் தண்டலிடம் லீவுக்கு நின்ற என் தாத்தாவுக்கு எந்தத் தத்துவ விளக்கமும் இல்லாமல் புரிந்த இடம் அது. 1930களில் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதி, காந்தியும் பெரியாரும் பேசப்படும் காலத்துக்கு அவனை இழுத்து வந்தார். அவருக்கும் முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர் துறவி, பக்தர். தீயைத் தத்துவமாக்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வாசலில் நின்றவனின் பெயரை ஒரு புது வாசலுக்கு வைத்தார். கதையின் சுமையை ஒழுங்காக இறக்கிவைப்பது என்றால் இதுதான்.

சிதம்பரத்தில் அந்தத் தெற்குப் பக்கம் இன்னும் ஆறாத இடம். அங்கே அடைத்துக் கிடக்கும் வழி நந்தன் நுழைந்த வாசல் என்று சொல்லி, அதைத் திறக்கக் கோரி இந்த நூற்றாண்டிலும் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. நந்தன் வரலாற்று மனிதரா என்று அங்கே போய்ப் பாடம் எடுப்பவன் முட்டாள். தீ ஞானத்தீ என்று அங்கே போய்ச் சொல்பவன் அதைவிட மோசம். அடைத்த சுவர் உருவகம் இல்லை.

கேமரனில் கதை மாறிக்கொண்டிருக்கிறது. தோட்டங்களில் இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நாம் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பி, இப்போது யாரையாவது வாசலுக்கு வெளியே நிறுத்தும் வசதிக்கு வந்துவிட்டோம். கல்யாணப் பேச்சில் சாதி கேட்கிறோம், கோவில் கமிட்டியில் கேட்காமலே தெரிந்துவைத்திருக்கிறோம். லயத்தில் இப்போது குடியிருக்கும் வங்காளதேசிக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுதவும் முடியாது. இந்த நிலைமையில் நமக்கு மிகவும் தோதான புராணம், எரிந்தவன் எரியவில்லை என்று சொல்லும் புராணம்தான்.

ஆகவே பேச்சாளர்களிடம் ஒரு விண்ணப்பம். சூரனை ஆணவம் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொல்லும்போது யாருடைய ஆணவம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நந்தன் கதையைச் சொல்லி முடித்ததும் உள்ளர்த்தத்துக்கு ஓடாமல் ஒரு நிமிடம் அங்கேயே நில்லுங்கள். தீ மூட்டியது யார், எந்த வாசலுக்கு வெளியே மூட்டினார்கள், உள்ளே போனவரை ஏன் பிறகு யாரும் பார்க்கவில்லை என்று கூட்டம் யோசிக்கட்டும். யாராவது எழுந்து வெந்து போனாரா என்று கேட்டால், வெந்தார் என்று சொல்லுங்கள். புராணம் அப்படித்தான் சொல்கிறது. அதைக் கேட்டபிறகும் கூட்டத்தில் யாருக்காவது சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.